மெரெடித்தின் சம்மதம்

விஸ்கியில் போட ஐஸ் எடுக்கப் போன கிளைவ், ஃப்ரீசரில் இருந்த தட்டு காலியாகக் கிடப்பதைப் பார்த்தான். காலையில்தான் தண்ணீர் ஊற்றி வைத்திருந்தான். மனைவி மெரெடித் போனபிறகு இந்த வீட்டில் அவன் கற்றுக்கொண்ட ஒரே வேலை அது. அதையும் தனக்காகத்தான் கற்றுக்கொண்டான்.

லான்செஸ்டனில் ஜூலை மாதம் குளிர்காலம்; டீ வேளைக்கே இருட்டிவிடும். ஆற்றிலிருந்து ஏறிய மூடுபனி ஜன்னலோடு ஒட்டி நிற்க, தெருவிலுள்ள அத்தனை வீட்டு விறகடுப்புப் புகையும் கதவிடுக்கு வழியே உள்ளே கசிய, அந்தப் புகைக்கு அடியில் ஆஸ்பத்திரியில் கைகழுவும் மருந்தின் வாடை மெல்ல எழுந்துவர, சலவை அறைப் பக்கமிருந்து ஐஸ் கட்டிகளை யாரோ பிளாஸ்டிக் பெட்டியில் ஒவ்வொன்றாக, அவசரமே இல்லாமல் போடும் சத்தம் கேட்டது.

குழாய் ஒழுகுகிறது என்று முடிவு செய்து உட்கார்ந்துவிட்டான். எழுந்துபோய்ப் பார்க்காமலே முடிவு செய்வது அவனுக்குக் கைவந்த கலை. மெரெடித் விஷயத்திலும் அதைத்தான் செய்தான்.

மூளைக்குள் ரத்தம் கசிந்து, எல்லாம் முடிந்துவிட்டது என்று டாக்டர்கள் சொன்ன பிறகு, மெஷின் மட்டும் அவள் நெஞ்சை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தது. உறுப்பு தானத்துக்கு அவளே பதிவு செய்திருந்தாள். சாப்பாட்டு மேஜையில் அவனிடம் எத்தனையோ முறை சொல்லியும் இருந்தாள். சொன்னபோதெல்லாம் அவன் கண் டிவியில் இருந்தது. இருந்தாலும் குடும்பத்தைக் கேட்காமல் அங்கே கை வைப்பதில்லை. நர்ஸ் வந்து கேட்டாள்.

"எவ்வளவு நேரம் ஆகும்?" என்றான் கிளைவ்.

"நாளைக்குச் சாயங்காலம் ஆயிடும். மெல்பர்ன்லேர்ந்து டாக்டருங்க வரணும்."

"அதுவரைக்கும் நான் இங்கயே உக்காந்திருக்கணுமா?"

"அவங்க விருப்பம் அதுதானே, கிளைவ். உங்ககிட்ட சொல்லலையா?"

"அவ ஆயிரம் சொல்லுவா. புருஷன் நான் வேணாங்கிறேன்."

மெரெடித்தின் தங்கை நோரீன் சுவரோரம் நின்றிருந்தாள். "உயிரோட இருந்தப்பதான் அவ பேச்சை நீ காதுல வாங்கல. இப்பவாவது கேளேன்," என்றாள்.

அவன் கேட்கவில்லை. மறுநாள் ஃபுட்டி என்கிற அந்த ஊர்க் கால்பந்து மேட்ச் இருந்தது. பிறகு விசாரித்தவர்களிடம், அவளை அறுக்க மனசு வரவில்லை என்று தொண்டையைக் கனைத்துக்கொண்டு சொன்னான். எவ்வளவு பாசம் பாரேன் என்று நாலு பேர் நம்பவும் செய்தார்கள். தூ.

சலவை அறையில் சத்தம் நின்றது. மூடி ஒன்று திறக்கும் கிறீச்சொலி. பிறகு ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாததுதான் அவனை எழுப்பியது.

"யாரு, நோரீனா?" என்றான். சலவை அறைக்குள் போனான். மீன்பிடிக்கக் கொண்டுபோகும் ஐஸ் பெட்டி தரையில் திறந்து கிடந்தது. உள்ளே விளிம்புவரை ஐஸ். நடுவில் மட்டும் கையால் அழுத்தி ஒரு குழி செய்யப்பட்டிருந்தது. எதையோ வைப்பதற்கு அளவெடுத்தது போன்ற குழி.

பின்னால் நகர்ந்தான். தரையில் தண்ணீர். கால் வழுக்கியது. பின்மண்டை தொட்டி விளிம்பில் மோதிய சத்தத்தை அவனே கேட்டான்.

வலிக்கவில்லை. கை அசையவில்லை. கால் அசையவில்லை. கூரை தெரிந்தது. காது கேட்டது.

நடையில் செருப்பு உரசும் ஒலி. டெலிபோனை எடுக்கும் ஒலி. அப்புறம் அவள் குரல். முன்பின் தெரியாதவர்களிடம் பேசும்போது கொஞ்சம் உயர்த்திப் பேசுவாளே, அதே குரல்.

"ஆமா, பெண்டாட்டிதான் பேசுறேன்."

அவன் கத்தப் பார்த்தான். நாக்கு புரளவில்லை.

"இல்ல, பதிவெல்லாம் எதுவும் பண்ணல. அவராவது, பண்றதாவது."

மூச்சு இருந்தது. அவனுக்குத் தெரிந்தது. இருந்தது.

"மூச்சா? அதெல்லாம் இல்ல."

எதிர்ப்பக்கம் யாரோ கேட்டுக்கொண்டே போனார்கள். அவள் பொறுமையாக ம் கொட்டினாள்.

"ம். கண்ணும்தான். எல்லாத்தையும் எடுத்துக்குங்க. நேரமானா பரவாயில்ல. நான் பக்கத்துலயே உக்காந்திருக்கேன்."

போனை வைத்தாள். செருப்பு உரசியது. அருகே. இன்னும் அருகே. ஸ்டூல் இழுபட்டது. ஐஸில் ஊறிய விரல்கள் அவன் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றின. அடுத்ததை. அதற்கடுத்ததை.

வெளியே பனிக்குள் வண்டி ஒன்று வந்து நின்றது. கதவுகள் திறந்தன.

மெரெடித் அவன் முகத்தின்மேல் குனிந்தாள். விழித்துக்கொண்டிருந்த அவன் கண்களைச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு, செத்தவர்களுக்குச் செய்வதுபோல, இரண்டு இமைகளையும் இறக்கி மூடினாள்.