ஒரே கம்பி, ஒன்பது வீடு

எங்கள் சாலைக்குத் தொலைபேசி வந்த பிறகு யாரும் யாரையும் நம்பவில்லை.

1911-ஆம் ஆண்டு அப்பாவும் மற்ற விவசாயிகளும் தாங்களே கம்பம் நட்டு, கம்பி இழுத்தார்கள். அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் எங்கள் சாலையில் ஒன்பது வீடுகள். ஒன்பதுக்கும் ஒரே கம்பி. யாருக்கு அழைப்பு வந்தாலும் எல்லா வீட்டிலும் மணி அடிக்கும். ஒரு நீள மணி, இரண்டு குட்டை மணி என்றால் எங்களுக்கு. மூன்று குட்டை மணி என்றால் என் தோழி ரக்னா வீட்டுக்கு. அவரவர் மணிக்கு அவரவர்தான் எடுக்க வேண்டும்.

ஆனால் யார் கேட்டார்கள்!

முன்பெல்லாம் ஊர்ச் சேதி வேண்டுமென்றால் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் காபி குடிக்கப் போவார்கள். இப்போது யாரும் எங்கும் போவதில்லை. ஆனாலும் எல்லாருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது. அதுதான் வம்பு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தேவாலய வாசலில் ரக்னாவின் அம்மா பெர்கித் அத்தை, என் அம்மாவைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார்.

"ஏன் குட்ரூன், மொன்டானால குளிர் இதைவிட அதிகமாமே?"

அம்மாவின் முகம் சிவந்துவிட்டது. மொன்டானாவுக்குக் குடிபோகலாமா என்று அப்பா யோசித்துக்கொண்டிருந்தது உண்மை. அதை அம்மா சித்தியிடம் மட்டும்தான் சொல்லியிருந்தார். அதுவும் தொலைபேசியில், குரலைத் தாழ்த்தி.

"ஒட்டுக் கேட்டிருக்கா!" என்று வீடு வரும் வரை அம்மா பொருமினார்.

"விடு குட்ரூன். சாதாரணமாத்தானே கேட்டாங்க," என்றார் அப்பா.

"சாதாரணமாவா? அவ கண்ணைப் பாத்தீங்களா? தோரா, இனிமே நீ அந்த வீட்டு வாசப்படி மிதிக்கக் கூடாது!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ரக்னா வீட்டுக்குப் போகாமல் நான் எப்படி இருப்பேன்?

மறுநாள் பள்ளியில் ரக்னாவும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தாள்.

"எங்கம்மாவும் உங்க வீட்டுக்குப் போகக் கூடாதுன்னுட்டாங்கடி. சந்தையில பரிசு வாங்குன ஜாம் எங்கம்மா செஞ்சதில்ல, பெரியம்மா செஞ்சதுன்னு ஊர் பூரா தெரிஞ்சுபோச்சு. உங்கம்மாதான் ஒட்டுக் கேட்டுப் பரப்பிட்டாங்களாம்."

"எங்கம்மாவா? சீச்சீ! அவங்க அப்படியெல்லாம் செய்யவே மாட்டாங்க!"

மாலையில் வீட்டுக்குள் நுழைந்தேன். சுவரிலிருந்த தொலைபேசிப் பெட்டியருகே அம்மா நின்றிருந்தார். கேட்கும் குழாய் காதில் இருந்தது. பெட்டியில் பேசுகிற இடத்தைப் பாத்திரம் துடைக்கும் துணியால் அடைத்திருந்தார். என்னைக் கண்டதும் சட்டென்று குழாயை மாட்டினார்.

"தூசி துடைச்சேன்," என்றார்.

காதை வைத்தா தூசி துடைப்பார்கள்? அன்றிலிருந்து எனக்கு எல்லார் மேலும் சந்தேகம் வந்துவிட்டது.

சனிக்கிழமை அம்மா கோழிக் கூண்டைச் சுத்தம் செய்யப் போன நேரம் பார்த்துத் தொலைபேசியில் ரக்னாவைக் கூப்பிட்டேன். யார் ஒட்டுக் கேட்கிறார்கள் என்று கண்டுபிடிக்க நாங்கள் பள்ளியிலேயே போட்ட திட்டம் இது.

"எங்க கோழி ரெண்டு முட்டை போட்டுச்சு," என்றேன்.

"எங்க கோழி போடவே இல்ல," என்றாள் ரக்னா. அவள் குரல் கணீரென்று கேட்டது.

"ஏய், ஒரு ரகசியம் சொல்லட்டுமா?"

அவ்வளவுதான்! "சொல்லு, சொல்லு" என்ற ரக்னாவின் குரல் எறும்பு பேசுவதுபோல் தேய்ந்துவிட்டது. எங்கோ ஒரு கடிகாரம் டிக் டிக் என்றது. ஒரு நாய் குரைத்தது. யாரோ காபியை உறிஞ்சினார்கள்.

"உங்கம்மா எங்கடி?" என்று கத்தினேன்.

"தொழுவத்துல பால் கறக்கறாங்க!"

அப்படியென்றால் இது பெர்கித் அத்தையின் வேலை மட்டும் இல்லை. நிறையப் பேர் எடுக்கிறார்கள். எடுக்க எடுக்கக் குரல் தேய்கிறது!

அம்மாவிடம் ஓடிப் போய்ச் சொன்னேன்.

"நல்லாருக்கு! அவ பொண்ணு சொன்னா உடனே நம்பிடறதா?" என்றார் அம்மா.

மார்ச் மாதம் வந்தது. பனி உருகிச் சாலை முழுக்க முழங்கால் சேறு. அப்பா விதை வாங்க டவுனுக்குப் போயிருந்தார். மத்தியானம் தம்பி ஐனருக்கு இருமல் பிடித்துக்கொண்டது. இரண்டு வயசுக் குழந்தை, நாய்க்குட்டி குரைப்பதுபோல் இருமினான். மூச்சை இழுக்கும்போதெல்லாம் 'கீ' என்று சத்தம் வந்தது. பார்க்கவே பயமாக இருந்தது.

அம்மா டாக்டர் மெல்பியை அழைத்தார்.

"டாக்டர், குழந்தைக்கு மூச்சு விட முடியலை!"

"பயப்... முதல்ல... கொதி... போர்..."

"கேக்கலையே டாக்டர்! ஐயோ, கேக்கலையே!" அம்மா பெட்டியை ஓங்கித் தட்டினார். "பெர்கித்! உன் வேலைதான்னு எனக்குத் தெரியும்! கீழ வை!"

பெட்டியோடு காதை ஒட்டி நானும் கேட்டேன். யாரும் வைக்கவில்லை. அம்மா கத்தியதில் இன்னும் இரண்டு பேர் எடுத்திருப்பார்கள் போல. டாக்டரின் குரல் அடியோடு காணாமல் போனது.

ஏன் வைக்க மாட்டேன் என்கிறார்கள்? குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்று கேட்டுக்கொண்டுதானே இருக்கிறார்கள்?

சட்டென்று எனக்குப் புரிந்தது. வைத்தால் 'டக்' என்று சத்தம் வரும். அதோடு எந்த வீட்டுக் கடிகாரச் சத்தம், எந்த வீட்டு நாய்ச் சத்தம் நிற்கிறது என்று கேட்டு, வைத்தது யாரென்று அம்மா கண்டுபிடித்துவிடுவார்! ஒவ்வொருவரும் அடுத்தவர் வைக்கட்டும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

முக்காலியை இழுத்துப் போட்டு ஏறினேன்.

"அம்மா, தள்ளுங்க! எல்லாரும் கேளுங்க, நான் தோரா பேசறேன். யார் யார் இருக்கீங்கன்னு நான் கேக்கப் போறதில்ல. நீங்கள்லாம் எடுத்திருக்கறதால டாக்டர் பேசறது எங்களுக்குக் கேக்கலை. நான் மூணு வரைக்கும் எண்ணறேன். எல்லாரும் ஒண்ணா வச்சிடுங்க. ஒரே சத்தமா வரும், யாருன்னு எங்களுக்குத் தெரியாது. டாக்டர் சொன்னதை அப்புறம் பொது மணி அடிச்சு நானே உங்களுக்குச் சொல்றேன். சத்தியம்! ஒண்ணு, ரெண்டு, மூணு!"

'டடக்!'

"ஹலோ? ஹலோ?" டாக்டரின் குரல் பக்கத்து அறையிலிருந்து வருவதுபோல் கேட்டது. "தண்ணி கொதிக்க வைங்க. போர்வையைக் கூடாரமாப் பிடிச்சு, உங்க மடியில குழந்தையை உக்கார வச்சு ஆவி பிடிக்க விடுங்க. சுட்டுடாம பாத்துக்குங்க. நான் கிளம்பிட்டேன், ஆனா இந்தச் சேத்துல எப்ப வந்து சேருவேனோ!"

அம்மா தம்பியைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்கு ஓடினார். நான் தொலைபேசிப் பெட்டியின் கைப்பிடியைச் சுற்றி ஒரே நீள மணியாக அடித்தேன். அது ஒன்பது வீடும் எடுக்க வேண்டிய மணி. எல்லாரும் எடுத்தார்கள். தொண்டை கிழியக் கத்திச் சொன்னேன்.

கம்பியில் எங்கோ தூரத்தில், எங்கள் சாலைக்காரர் ஸ்டென்செத் பெரியவரின் கட்டைக் குரல் கேட்டது. "எங்கிட்ட நல்ல குதிரை இருக்கு. டாக்டரை நான் என் வண்டியில ஏத்திட்டு வர்றேன்."

சற்று நேரத்தில் கதவு தட்டப்பட்டது. முழங்கால் வரை சேற்றோடு பெர்கித் அத்தை நின்றார். கையில் ஒரு பெரிய செம்புக் கெண்டி. பின்னால் ரக்னா, மூச்சு வாங்கிக்கொண்டு.

"இது உங்க கெண்டியைவிடப் பெரிசு. ஆவி நிறைய வரும்," என்றார் அத்தை. பிறகு தரையைப் பார்த்தபடி, "நான் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன், குட்ரூன். மொன்டானா சேதியும் நான்தான் கேட்டேன்," என்றார்.

அம்மா போர்வைக்குள்ளிருந்து தலையை நீட்டினார். முகமெல்லாம் வியர்வை.

"உன் ஜாம் சேதியைச் சொன்னது நான்தான்," என்றார். "மொன்டானாவுக்கு நாங்க போகலை. அவரு வேணாம்னு முடிவு பண்ணிட்டாரு."

"தெரியும். அதையும் கேட்டேன்."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையும் வந்தது.

"உள்ள வா. இனிமே என்ன கேக்கணும்னாலும் நேர்ல உக்காந்து கேளு!"

டாக்டர் சாயங்காலம் ஸ்டென்செத் வண்டியில் வந்து இறங்கினார். அதற்குள் 'கீ' சத்தம் நின்று, தம்பி அத்தையின் தோளில் தூங்கிவிட்டான். "இனி பயமில்ல," என்று சொல்லி, ஒரு காபி குடித்துவிட்டு டாக்டர் கிளம்பினார்.

தம்பியைக் கட்டிலில் கிடத்திவிட்டு, நாங்கள் நால்வரும் அம்மா எடுத்து வைத்த கேக்கை வெட்டிக்கொண்டு உட்கார்ந்தோம். அப்போது மணி அடித்தது. இரண்டு நீளம், ஒரு குட்டை.

"ஸ்டென்செத் வீட்டு மணி," என்றார் அம்மா.

"நமக்கில்ல," என்றார் அத்தை.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். இருவரும் ஒன்றாக எழுந்தார்கள்.

"ரெண்டு பேரும் ஒரே குழாயில கேளுங்க," என்றேன். "பாவம், அவங்க சத்தமாவது குறையாம இருக்கும்."

அம்மாவும் அத்தையும் கன்னத்தோடு கன்னம் ஒட்டி நின்றார்கள். ரக்னாவும் நானும் கேக் தட்டை எங்கள் பக்கம் இழுத்துக்கொண்டோம்.