மாப்பிள்ளையும் ஒரு பிடி இரும்புத்தூளும்

கேட், கிரில் செய்யும் பட்டறை என்னுடையது. அறுப்பேன், ராவுவேன், தும்முவேன். கீழே விழும் இரும்புத்தூள் குப்பைக்குப் போகும்.

ஒரு நாள் என் மகள், "அப்பா, கொஞ்சம் இரும்புத்தூள் வேணும்" என்றாள். எதற்கும் ஆதாரம் கேட்பதால் வீட்டில் அவள் ஜட்ஜம்மா.

"எதுக்கும்மா?"

"பூமி சூடாகுதுல்ல? கடல்ல இரும்பு தூவினா பாசி வளருமாம். அது காத்துல இருக்கிற கரியமில வாயுவை இழுத்துக்குமாம். சரிவருமான்னு இன்னும் ஆராய்ச்சி பண்றாங்க. நான் மீன் தொட்டியில பண்ணி, கண்காட்சியில வைக்கப்போறேன்."

பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. பூமிக்கு மருந்தையா இத்தனை நாள் பெருக்கித் தள்ளினேன்?

அவள் தொட்டியில் ஒரு சிட்டிகை தூவினாள்.

"என்னம்மா கஞ்சத்தனம்? நம்ம சரக்குதானே" என்று நான் ஒரு பிடி போட்டேன்.

ஜன்னலோர வெயிலில் பாசி மளமளவென வளர்ந்தது. கண்காட்சியன்று காலை தொட்டி பச்சைப் பெயிண்ட் டப்பா போல இருந்தது. நான் மீசையை முறுக்கினேன்.

"அப்பா, மாப்பிள்ளையைப் பாருங்க."

மாப்பிள்ளை எங்கள் மீன். வேளைக்குச் சாப்பிட்டு, தொப்பையோடு உலா வருவதால் அந்தப் பெயர். இப்போது தண்ணீரின் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடினார்.

"பாட்டுப் பாடுறாரோ?"

"மூச்சு முட்டுதுப்பா. ராத்திரி வெளிச்சம் இல்லாதப்ப, இவ்வளவு பாசியும் ஆக்சிஜனை எடுத்துக்கிச்சு. அவருக்கு மிச்சமில்ல."

தொட்டிக்கு மாற்ற முந்தின நாளே பிடித்து வைத்திருந்த ஒரு வாளித் தண்ணீருக்கு அவரை மாற்றினாள். நாங்கள் இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். மெல்ல வாலை ஆட்டினார்.

"சரி, இவர் வீட்டுலயே இருக்கட்டும். பச்சைத் தண்ணியை மட்டும் காட்டினா பரிசு நமக்குத்தான்" என்றேன்.

"அவர்தான்பா முக்கிய சாட்சி. வந்தே ஆகணும்."

ஜட்ஜம்மாவிடம் மேல்முறையீடு கிடையாது.

கண்காட்சியில் டீச்சர் எட்டிப் பார்த்தார். "இவ்வளவு இரும்பை யார் போட்டது?"

நான் மேற்கூரையை ஆராய்ந்தேன்.

"நாங்க ரெண்டு பேரும் டீச்சர்" என்றாள் மகள்.

"அப்போ கடல்ல இரும்பு போடலாமா, கூடாதா?"

"பாசி வளருது, அது நிஜம். ஆனா இவருக்கு மாறிப்போக ஒரு வாளி இருந்துச்சு டீச்சர். கடல் மீனுக்கு வாளி எங்க இருக்கு?"

டீச்சர் தன் நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டார்.

முதல் பரிசு சோப்பு நுரை கக்கும் எரிமலைக்குப் போனது. எங்களுக்கு ஆறுதல் பரிசு, ஒரு பென்சில். திரும்பும்போது அவள் பென்சிலைச் சுமந்தாள். நான் வாளியைச் சுமந்தேன்.

மாப்பிள்ளை என்று வந்துவிட்டால் மாமனார் சுமக்கத்தானே வேண்டும்?