வெள்ளிக்கிழமை எரியும் வேல்

கலாதேவி மேசைமேல் வைத்த போத்தலைத் திறந்து ஸ்கந்தராஜா முகர்ந்தார். எதிரே இருந்த மாதுமையின் மூக்கிலும் நெடி ஏறியது. சந்தேகமே இல்லை, பெட்ரோல்.

“எங்க கெணத்துத் தண்ணி சார். பன்னெண்டு வீட்டுக்காரங்க குடிச்ச தண்ணி. என் வீட்டுக்காரரு பட்டறை எண்ணெயை ஊத்திக் கெடுத்துட்டாருன்னு கோயில் தலைவர் சீனி சொல்றாரு. வெள்ளிக்கிழமை பூசையோட நாங்க லயத்து வீட்டைக் காலி பண்ணணுமாம். இந்த மனுசன் மூணு நாளா சோறு திங்கல லா.”

பேசியபோது அவள் முன்முடி கருகிச் சுருண்டிருப்பதை மாதுமை கவனித்தாள். அடுப்படி வேலை போலும் என்று விட்டுவிட்டாள்.

ஸ்கந்தராஜா ஈப்போவில் நிலவியல் துறையில் முப்பது வருடம் மண்ணைத் துளைத்து ஓய்வு பெற்றவர். ஆய்வகத்தில் வேலை பார்க்கும் மாதுமை, அவரோடு அலைவதற்கென்றே விடுப்பு எடுப்பவள். அவளிடம் அப்போதே குற்றவாளி தயார். சாலையோரப் பெட்ரோல் நிலையம்தான்!

வெள்ளிக்கிழமை காலை சிம்பாங் பூலாய் தாண்டி, கலாதேவி குடியிருந்த பழைய ரப்பர் தோட்டத்துக்குப் போனதும் அவள் முகம் தொங்கிவிட்டது.

“நிலையமும் பள்ளத்தில், பட்டறையும் பள்ளத்தில். கிணறு மேட்டில்,” என்றார் ஸ்கந்தராஜா. “எண்ணெய் மேடேறாது, பிள்ளை.”

கிணற்றைவிட மேட்டில் இருந்தது முனியாண்டி கோயில் மட்டுமே. அதை நோக்கித் துளைக்கத் துளைக்க மண்ணில் நெடி கூடிக்கொண்டே போனது.

கோயில் என்றால் சுவர்கூட இல்லை. சிவப்புத் துணி சுற்றிய ஓர் இரும்பு வேல், அவ்வளவுதான்.

“தொரை காலத்து ஸ்டோர் இருந்த எடம் சார் இது. அப்பவே நின்ன வேலு,” என்றாள் கலாதேவி. “வெள்ளிக்கிழமை லோரியில தண்ணி வரும். தலைவர்தான் செடிக்கு ஊத்த அனுப்புறாரு. அப்ப சூடம் ஏத்துனா நெருப்பு குபீர்னு எழும்பும். சாமி எறங்கிட்டாருன்னு அர்த்தம்.”

“மற்ற நாட்களில்?” என்று கேட்டார் ஸ்கந்தராஜா.

“சும்மாதான் எரியும்.”

“யார் ஏற்றுவது?”

“நான்தான். போன தீபாவளியிலேருந்து அந்த உரிமையைத் தலைவர் எனக்குக் குடுத்தாரு. அவரு ரோட்டோரம் நின்னே கும்பிடுவாரு. அவ்ளோ பயபக்தி.”

மாதுமை சுற்றிலும் பார்த்தாள். அரளிச் செடிகள் கருகி நின்றன. மண் வெடித்துக் கிடந்தது. வேலை விரலால் சுண்டினாள். உள்ளே வெற்றிடமாக ஒலித்தது.

மாலையில் லோரி வந்து கோயிலுக்குப் பின்னால் நின்றது. கூட்டத்தின் ஓரத்தில் கலாதேவியின் கணவர் அப்பாவு மூட்டை முடிச்சோடு குனிந்து நின்றார். எல்லோரையும் சாலைக்கு அனுப்பி, விளக்குகளை அணைக்கச் சொன்ன ஸ்கந்தராஜா, சூடத்தட்டையும் தீப்பெட்டியையும் சீனியிடம் நீட்டினார்.

“தலைவரே, இன்றைக்கு நீங்களே போய் ஏற்றுங்கோ.”

சீனி பின்வாங்கினார். ஸ்கந்தராஜா தீப்பெட்டியோடு வேலை நோக்கி நடந்தார்.

“வேணாம் சார்! லோரி இன்னும் எறக்கி முடிக்கல லா!”

“எதை?”

ஸ்கந்தராஜா சிவப்புத் துணியை அவிழ்த்தார். வளைந்த வாயோடு ஒரு வெறும் குழாய் நின்றது.

“துரைமார் புதைத்த பெட்ரோல் தொட்டி இன்னும் கீழே இருக்கிறது. இது அதன் மூச்சுக்குழாய். தொட்டி நிரம்பும்போது உள்ளே இருக்கும் ஆவி இந்த வழியாகத்தான் வெளியேறும். அதனால்தான் சாமி வெள்ளிக்கிழமை மட்டும் இறங்குகிறார். பழைய பெட்ரோல் வார்னிஷ் மாதிரி நாறும். போத்தலில் இருந்ததோ புதுசு.”

“லோரியில் வந்தது தண்ணீர் என்றால் செடி ஏன் கருகுது?” என்றாள் மாதுமை. “பெட்ரோலைப் பதுக்கினீங்க. துருப்பிடித்த தொட்டி ஒழுகியதும் பழியை அப்பாவு அண்ணன்மேல் போட்டுட்டீங்க.”

“போம்பா தீயணைப்பு வண்டியும் போலீசும் முச்சந்தியில் நிற்கினம்,” என்றார் ஸ்கந்தராஜா. தீப்பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே ஒரு குச்சிகூட இல்லை.

அப்பாவு மூட்டையைக் கீழே வைத்தார். கலாதேவி மெல்ல நடந்து சீனியின் எதிரே வந்து நின்றாள். அவள் கை, கருகிய முன்முடியைத் தடவியது.

“சாமி தொட்டாருன்னுல்ல சீனி நெனச்சேன்,” என்றாள்.