துடிச்சா எதிர்ப்பக்கம்!

"அக்கா...!"

சிட்டு கடைசியாகக் கத்தியது அதுதான்.

தொம்மென்று ஒரு சத்தம்!

நாலடி உயரக் கட்டையில் பல்டி அடித்துக்கொண்டிருந்தவள், கழுத்து திரும்பித் தரையில் கிடந்தாள். மூச்சில்லை.

அவள் 'அக்கா' என்றது பெல்ட்டுக்காரியை. அந்த ஜிம்னாஸ்டிக்ஸ் பயிற்சிக்கூடத்தில் அவளுக்கு அதுதான் பெயர். சிட்டுவின் இடுப்பில் இருந்த பெல்ட் அவள் செய்தது. உடம்பு இடப்பக்கம் சாய்ந்தால் இடது இடுப்பில் துடிக்கும். வலப்பக்கம் சாய்ந்தால் வலதில். துடித்தால் எதிர்ப்பக்கம் போ... அவ்வளவுதான் பாடம்!

பெல்ட்டுக்காரி அதைக் கழற்றினாள். தன் அறைக்கு ஓடிப் பிரித்தாள்.

ஒயர்கள் இடம் வலமாக மாறியிருந்தன!

காலையில் சரியாகத்தானே செருகினாள்? யாரோ...

பயத்தில் புத்திக்கு முன்னால் கை ஓடியது. பிடுங்கிப் பழையபடி செருகிவிட்டாள்.

அப்புறம்தான் உறைத்தது. அடிப் பைத்தியமே... இருந்த ஒரே சாட்சியையும் நீயே அழிச்சிட்டியே!

*

"பெல்ட்டுல சார்ஜ் போயிருக்கும் மேடம்," என்றார் பயிற்சி கொடுக்கும் மாஸ்டர். "இவ அலட்சியம்! வீட்டுலயே முதல் டிகிரின்னு தலைகால் தெரியாம ஆடுவா. சர்டிபிகேட்டை இனி ஜெயில் சுவத்துல மாட்டிக்கட்டும்!"

விசாரிக்க வந்த இன்ஸ்பெக்டரம்மா பெல்ட்டுக்காரி பக்கம் திரும்பினாள். "வாயைத் திறம்மா. பெல்ட்டை வேற யார் தொடுவா?"

"நா... நான் மட்டும்தான்."

நேற்று சிட்டு காதோரம் சொன்னது ஞாபகம் வந்தது. 'மாஸ்டர் சின்னப் பிள்ளைங்களுக்கு என்னமோ ஊசி போடறாருக்கா. நாளைக்குப் புகார் குடுக்கப் போறேன்.'

மாஸ்டர் அவளையே பார்த்தார். இமைக்காமல்!

சிட்டு சொன்னது இவர் காதிலும் விழுந்திருக்கும்! எப்படியோ வாயைத் திறந்தாள்.

"பெல்ட் நல்லாத்தான் இருக்கு மேடம். மாஸ்டரே மாட்டிப் பாக்கட்டும். தாழ்வான கட்டை... கீழே மெத்தை. கண்ணைக் கட்டிக்கிட்டு ஒத்தைக் கால்ல நிக்கணும். வாண்டுங்களே நிக்குது. மாஸ்டருக்குப் பயம்னா வேணாம்."

"எனக்கா பயம்? கொண்டா!"

ஏறினார். உதட்டோரம் ஒரு சிரிப்பு.

இடப்பக்கம் துடித்தது. இடப்பக்கமே சாய்ந்தார்...

தொபுக்கடீர்!

மறுபடி ஏறினார். வலப்பக்கம் துடித்தது. வலப்பக்கமே விழுந்தார்.

"என்ன மாஸ்டர்? துடிச்சா எதிர்ப்பக்கம்னு எல்லாருக்கும் கத்துக்குடுத்ததே நீங்கதானே?"

"அறிவு கெட்டவளே!" கண்கட்டை உருவி எறிந்தார். "அதுல ஒயரே மாறியிருக்குடி!"

இன்ஸ்பெக்டரம்மா நெருங்கினாள். "சார்ஜ் போச்சுன்னுதானே சொன்னீங்க?"

"மாறித்தான் இருந்துச்சு மேடம்." பெல்ட்டுக்காரி முன்னால் வந்தாள். "நீங்க வர்றதுக்குள்ள பயத்துல நான் சரி பண்ணிட்டேன். இப்ப அது சரியாத்தான் துடிக்குது, பிரிச்சுப் பாருங்க. சரியா இருக்கிற பெல்ட்டைத் தப்புன்னு நம்பி ரெண்டு தரம் விழணும்னா... மாத்தி வச்சவனாலதான் முடியும்!"

இன்ஸ்பெக்டரம்மா விலங்கை எடுத்தாள். "வலது கையை நீட்டுய்யா."

வெலவெலத்துப் போய் இடது கையை நீட்டினார்.

"பாத்து மாட்டுங்க மேடம்," என்றாள் பெல்ட்டுக்காரி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அவருக்கு இன்னிக்கு இடம் வலம் கொஞ்சம் குழம்புது!"