ஆணியில் மாட்டிய பேட்ஜ்

"மீட்டரைக் கொடுங்க சார். வீட்டுக்குக் கொண்டுபோகணும்."

யுரேனியம் சுரங்கத்தின் பாதுகாப்புப் பிரிவில் அவள் சேர்ந்த அன்றே சொல்லியிருந்தார்கள்: கதிர்வீச்சு அளக்கும் கருவி கேட்டைத் தாண்டக் கூடாது, கேட்கவே கூடாது. ஆனால் விடுப்பில் பத்து நாள் வீட்டுச் சுவரில், ஆணியில், மறதியாக மாட்டிவைத்திருந்த, உடம்பில் படும் கதிரைப் பதிவுசெய்யும் அவளுடைய பேட்ஜ், சுரங்கத்துக்குள் இறங்குகிறவர்களின் பேட்ஜைவிட அதிகக் கதிர் வாங்கியிருந்தது.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உங்க அப்பாகிட்ட கேட்டியாம்மா?"

திட்டவில்லை. தடுக்கவில்லை. மீட்டரை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினார்.

சாயங்காலம், மழை மேகம் கட்டி நின்றது. ஈரத் துணியும் காய்ச்சிய பாலும் மணக்கும் வீட்டில், சுவரோரத் தொட்டிலில் அக்காவின் மூன்று மாதக் குழந்தை விடாமல் சிணுங்கிக்கொண்டிருக்க, அவள் மீட்டரை ஏந்தி மெல்ல நடந்தாள். கூடத்து நடுவில் அப்பாவின் கட்டில். ஓரமாகப் போட்டால் காற்று வராது என்பார். அங்கே எப்போதாவது ஒரு டிக். சுவரை நெருங்க நெருங்க, தகரக் கூரையில் மழை இறங்கியதுபோல் இடைவிடாத டிக் டிக். அவளும் அக்காவும் சிறு வயதிலிருந்து படுத்த இடம் அது.

"ஆபீஸ்ல கிலுகிலுப்பைகூடத் தர்றாங்களாடி?" அடுப்படியிலிருந்து அக்கா சிரித்தாள்.

வாசலில் அப்பா. "அணைச்சிடு."

"இந்தச் சுவர்ல வச்சது என்ன கல்லுப்பா?"

"சுரங்கத்துல வெட்டிப்போட்டது. தெருவுக்கே சும்மா கொடுத்தாங்க. மேஸ்திரின்னு நான்தான் வீட்டுக்கு வீடு பிரிச்சுக் கொடுத்தேன்."

"விஷம்னு எப்போ தெரியும்?"

"நீ காலேஜ் சேர்ந்த வருஷம்." அவர் தரையைப் பார்த்தார். "வெளியே பேசாம இருந்தா உன் படிப்புச் செலவைப் பாத்துக்கறோம்னாங்க சுரங்கத்துக்காரங்க."

வீட்டின் முதல் பட்டம். கண்ணாடிச் சட்டம் போட்டு, அதே சுவரில் தொங்கியது.

"கட்டிலை நகர்த்தத் தெரிஞ்சுதே. தொட்டிலை ஏன் நகர்த்தலை?"

"நகர்த்தினா அக்கா ஏன்னு கேப்பா."

சிணுங்கல் நின்றிருந்தது.

திரும்பினாள். டிக் டிக் ஓசைக்குக் குழந்தை கண் சொருகிக்கொண்டிருந்தது. தினமும் கேட்ட தாலாட்டுபோல.

வாரி எடுத்தாள். அடுப்படி. அக்காவின் கையில் கொடுத்தாள்.

"செருப்பைப் போடுக்கா. இந்த வீட்டுல இனி ஒரு ராத்திரி வேண்டாம். போற வழியில எல்லார்கிட்டயும் சொல்லப்போறேன்."

அப்பா ஏதோ சொன்னார். காதில் வாங்கவில்லை. மீட்டரை அணைக்காமல் தெருவில் இறங்கினாள்.

பக்கத்து வீடு. அதே கல். டிக் டிக் டிக்.

ஜன்னலுக்குள், சுவரை ஒட்டி, ஒரு தொட்டில் ஆடிக்கொண்டிருந்தது.