விலக்குப் பட்டியல்

சிதைத்து முடித்த நிரலில் எழுதியவனின் குறிப்பு ஒன்றுகூட மிஞ்சக் கூடாது. ஒன்று மிஞ்சியிருந்தது.

'மாமா, உள் பட்டனோட பேரை மாத்திடாதீங்க.'

குளிர்கிடங்கின் மேலாளர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். அவர் ஓட்டியது, பிறர் படித்துத் திருடாதபடி நிரலைக் குழப்பித் தரும் மென்பொருள். குறிப்புகளை அழிக்கும், பொருளுள்ள பெயர்களை வெற்று எழுத்துகளாக்கும். ஆனால் கதவுப் பட்டன்கள் நிரலைப் பெயர் சொல்லித்தான் அழைக்கும் என்பதால், அந்தப் பெயர்களை மட்டும் விலக்குப் பட்டியலில் சேர்த்துக் காப்பாற்ற வேண்டும். விட்டுப்போனால், பட்டன் எத்தனை முறை அழைத்தாலும் ஏனென்று கேட்க நாதியிராது.

இதைச் சொல்லிக்கொடுத்தவன் அவர் மனைவியின் தம்பி. கிடங்குக் கதவுகளை இயக்கும் நிரலை எழுதியவன். தன் பெயரில்லாமல் அதை விற்க விடமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றான். "விட்டா என் மூக்கையே உங்க மூக்குன்னு வித்துருவீங்க மாமா" என்று சிரித்தான்.

அன்று அவர் பட்டியலிலிருந்து ஒரே ஒரு பெயரை எடுத்தார்: உறைபனி அறையின் உள் பட்டன். பிறகு, உள்ளே வெப்பமானி பழுது என்று சொல்லி அவனை அனுப்பினார். மறுநாள் கதவைத் திறந்தவர்கள் அவன் விரல்களைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நகங்களே இல்லை. 'உள் பட்டன்: பெயர் இல்லை' என்று கணினியில் நானூற்றுப் பன்னிரண்டு பதிவுகள். அவற்றை அழித்துவிட்டுப் போய், மனைவியோடு சேர்ந்து அழுதார்.

இன்று நான்கு மணிக்கு நிரலை வாங்குபவர் வருகிறார். அந்த வரி அவர் கண்ணில் பட்டால் திருட்டோடு கொலையும் வெளியாகும். மேலாளர் அதை அழித்தார். மென்பொருளை மீண்டும் ஓட்டினார். பிற்பகல் வெயில் மேசைமீது விழுந்துகிடக்க, சுவருக்கு அப்பால் குளிரூட்டும் இயந்திரங்களின் முனகல் ஒன்றன்பின் ஒன்றாக அடங்கி, எங்கிருந்தோ பழைய பனிக்கட்டியின் இரும்பு வாடை மெல்ல மெல்ல அறையில் பரவி அவர் நாக்கில் வந்து படிந்தது.

திரையில் புதிதாக ஒரு வரி: 'குளிருது மாமா.'

எழுந்தார். அறைக்கதவு தானாகப் பூட்டிக்கொண்டது. பட்டனை அழுத்தினார். கதவு அசையவில்லை. மீண்டும். மீண்டும். திரும்பிப் பார்த்தபோது கணினித் திரையில் மூன்று வரிகள்.

413. உள் பட்டன்: பெயர் இல்லை.

414.

415.

கதவின் கண்ணாடிச் சதுரத்தில் காவலாளியின் முகம் தெரிந்தது. நேற்றுதான் வேலைக்குச் சேர்ந்தவர், இறந்தவனைப் பார்த்ததில்லை.

"சார், வாங்குறவரு வந்துட்டாரு. கதவத் தொறங்க."

திறக்கவில்லை என்று சைகை காட்டினார். விட்ட மூச்சு புகையாய் நின்றது.

காவலாளி அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "பின்னால நிக்கிற தம்பிய அமுக்கச் சொல்லுங்களேன்."

கண்ணாடி வெளுத்து மூடியது. பனி.

அவர் திரும்பவில்லை. தோளை உரசியபடி ஒரு கை நீண்டது. நீலம் பாய்ந்த விரல். நகமில்லை. அது பட்டனை அழுத்தியது.

416.

சற்று நிதானித்தது. அவசரமே இல்லை.

417.