அக்கா அறையின் சுவர்

போன வாரம்தான் அவர் பெயிண்ட் அடித்த சுவர். அக்காவின் கட்டில் கிடந்த இடத்தில், சரியாகத் தலையணை உயரத்தில், கறுப்பாகப் பூசணம் பூத்திருந்தது.

"பெயிண்ட் கடைக்காரர் வீட்டுலயே பூசணமான்னு ஊரே சிரிக்கப் போகுது. வாடை கூடம் வரைக்கும் வருது. நீங்களே போய்ப் பாருங்க, நான் அந்த ரூமுக்குள்ள வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டு, மதியச் சாப்பாடு முடிந்ததும் அவர் மனைவி தன் தங்கை வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். வெளியே மழை பிடித்துக்கொண்டது.

கடைக்கு வருகிறவர்களிடம் அவர் வாய் வலிக்கப் பேசுவார். "பூசணத்து மேலேயே பெயிண்ட் அடிச்சா போகாதுங்க. தேய்ச்சுக் கழுவணும், நல்லாக் காயணும், ரூமுக்குள்ள காத்து வரணும்." சொந்த வீட்டில் மட்டும் அந்த ஞானம் எங்கே போனதோ! சரக்கு அடுக்க இடம் வேண்டுமென்று, இழுப்பு நோய்க்காரி அக்காவின் அறையிலிருந்த ஒரே ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்து, அதன் பின்னால் குடோன் கட்டியவர் அவர்தான். சுவரில் ஓதம் ஏறியது. படுத்த படுக்கையாக இருந்தவள் கெஞ்சினாள்.

"மூச்சு முட்டுதுடா தம்பி. அந்த ஜன்னலைத் திறந்து விட்டுடுடா."

"பெயிண்ட் அடிச்சா எல்லாம் சரியாப் போயிடும்க்கா."

அடித்தார், பூசணத்தின் மேலேயே. ஒவ்வொரு மழைக்கும் ஒரு பூச்சு. அவள் மூச்சுத் திணறிச் செத்த அன்றும் சுவர் பளிச்சென்றுதான் இருந்தது. துக்கத்துக்கு வந்தவர்களிடம் கொஞ்சமும் கூசாமல் அதையும் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்.

மனைவி போனதும், பிளீச்சிங் பவுடர் கரைத்த வாளியும் சுரண்டியுமாக அந்த அறைக்குள் போனார். மூலையில் மிச்சமான பெயிண்ட் டப்பா, அதன் மேல் பிரஷ். தேய்க்கத் தேய்க்க, ஈரத்தில் ஊறிப்போன பெயிண்ட் பாலாடை போலச் சுருண்டு வந்தது. அடியில் கறுப்பு, அதற்கடியில் பழைய நீலம், மறுபடி கறுப்பு, பிறகு பச்சை, அதற்கும் அடியில் இன்னும் அடர்ந்த கறுப்பு. எங்கோ மெல்லிய விசில் மாதிரி ஒரு சத்தம் இழுத்து இழுத்துக் கேட்டது. மழைக்குழாயாக இருக்கும் என்று கையை நிறுத்தினார். சத்தம் நிற்கவில்லை.

அந்த இழுப்பு அவருக்குத் தெரியும். பல வருஷம் கேட்ட இழுப்பு.

உள்ளங்கைக்கடியில் சுவர் மெல்ல உப்பியது. பிறகு தாழ்ந்தது.

கதவுக்கு ஓடினார். எப்போதோ சாத்திக்கொண்ட கதவு, ஈரத்தில் பருத்து நிலையைக் கவ்விக்கொண்டிருந்தது. இழுத்தார். உதைத்தார். கத்தினார். மழைதான் பதில் சொன்னது. சுரண்டியை எடுத்து, ஜன்னல் இருந்த இடத்தில் குத்தினார். ஒரு செங்கல்லும் அசையவில்லை. இறுக்கிப் பூசச் சொன்னவரே அவர்தானே.

கறுப்பு கூரைக்கு ஏறியது. விளக்கை மூடியது.

இருட்டு.

"அக்கா... தெரியாமப் பண்ணிட்டேன்க்கா."

பொய். அவருக்கே தெரியும்.

விசில் சத்தம் இன்னும் கேட்டது. இப்போது சுவரில் இல்லை. அவர் நெஞ்சுக்குள். சுவரோ வெகுநாளைக்குப் பிறகு ஆழமாக, நிம்மதியாக மூச்சு விட்டது.

மூலையில் டப்பா மூடி திறந்தது. பிரஷ் நனைந்தது.

"பொறுடா தம்பி. பெயிண்ட் அடிச்சா எல்லாம் சரியாப் போயிடும்."

குளிர்ந்து, ஈரமாக, முதல் பூச்சு அவர் வாயின் மேல் விழுந்தது.